வேகமாகப் போனால் குலுக்கல் குறைவு: ஒரு வேகத்தடைத் தெருவில் நடந்தது

பின்னணி

ஒரு குடியிருப்புத் தெருவில் போட்ட வேகத்தடைகளும், அந்தத் தெருவில் தினமும் பல தடவை போய்வந்த ஒரு சின்ன செடான் காரும்தான் இந்தப் பதிவின் விஷயம். அந்தக் காரைப் பழுது பார்த்த பட்டறையில் நான் வேலை செய்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், யாரையும் குற்றம் சொல்வது நோக்கமில்லை.

இரண்டு பெரிய சாலைகளை நேர்க்கோட்டில் இணைக்கிற தெரு அது. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறுவார்கள். அகலம் தாராளம், வளைவு கிடையாது, அப்புறம் யார் மெதுவாகப் போவார்கள்? நடுவில் ஒரு பள்ளி வாசல் வேறு. சைக்கிளில் வந்த ஒரு பையனைக் கார் இடித்துக் கால் எலும்பு முறிந்தபோது தெருவாசிகள் திரண்டு போய்க் கேட்டார்கள், சீக்கிரமே ஆறு வேகத்தடைகள் வந்தன. ஒரே இரவில் வந்தன. தார்க் கலவையைக் கொட்டி, மண்வெட்டியால் இழுத்து, ரோலரை ஓட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உயரம், நீளம் எதையும் அளந்து போடவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கேட்டவர்கள் மேல் தப்பே இல்லை. 50 கி.மீ. வேகத்தில் வரும் காரிடம், அதே கார் 30 கி.மீ. வேகத்தில் வரும்போது இருப்பதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு இயக்க ஆற்றல் இருக்கும், குறுக்கே வரும் பிள்ளை மேல் அது மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வேகம் குறைய வேண்டும் என்பதில் இந்தக் கதையில் வருகிற யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. பிரச்சினை எல்லாம் எதை வைத்துக் குறைப்பது என்பதில்தான்.

காரில் தெரிந்தது

காருக்குச் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். தெருவிலேயே வீடு, சுற்றுவட்டாரத்தில் வேலை, ஆகவே ஒரு நாளைக்குப் பல தடவை இந்த ஆறு தடைகளையும் ஏறி இறங்கியாக வேண்டும். டிக்கியில் மருந்துப் பெட்டி, சக்கர நாற்காலி, சில நாள் ஆக்சிஜன் சிலிண்டர் என்று எப்போதும் பாரம்.

முதலில் அவர் வந்தது முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று கேட்ட சத்தத்துக்காக. ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் கார் ஒரு பக்கம் சாயாமல் இருக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) லிங்க் ராடு, அதாவது அந்தக் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சின்னத் தண்டு, ஒரு பக்கம் ஆடிப்போயிருந்தது. மாற்றிக் கொடுத்தோம். கொஞ்ச காலம் கழித்து அதே சத்தம், அதே பக்கம். சாதாரணமாக நல்ல சாலையில் ஓடும் காரில் ஒரு லிங்க் ராடு இவ்வளவு சீக்கிரம் போகாது, அதனால் இந்த முறை காரை லிஃப்ட்டில் ஏற்றி நிதானமாகப் பார்த்தோம்.

அடிவயிறு முழுக்கக் கீறல். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரில் கிளிப்புகள் பாதி உடைந்து தொங்கின. சைலன்சர் குழாயின் நடுப்பகுதியில் தார் ஒட்டி, அதன் மேலேயே மறுபடி உரசி, உலோகம் பளபளவென்று தெரிந்தது. கவனித்துப் பார்த்தபோது அந்தக் கீறல்கள் காரின் நீளவாக்கில் இல்லாமல் சாய்வாக ஓடின, எல்லாம் ஒரே திசையில். சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் ரப்பரிலும் வெடிப்பு, அதுவும் லிங்க் ராடு போன அதே பக்கம்தான் அதிகம்.

அவரிடம் கேட்டேன், “மேடம், வேகத்தடையை நேரா ஏத்துறீங்களா, சாய்ச்சு ஏத்துறீங்களா?”

“சாய்ச்சுதான் அண்ணா. நேரா போனா அடி தட்டுது. நான் ஊர்ந்துதான் போறேன், ஆனா எனக்குத்தான் முதுகும் போகுது, காரும் போகுது. பின்னாடி வர்ற பெரிய வண்டிக்காரர் அப்படியே பறக்குறாரு, அவருக்கு ஒண்ணுமே ஆகல.”

பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே இருந்தது. லிங்க் ராடுக்கு வேலை வருவதே இடது சக்கரமும் வலது சக்கரமும் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போதுதான். இரண்டும் ஒன்றாக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாமல் சும்மா சுழன்றுவிடும். சாய்த்து ஏற்றினால் ஒவ்வொரு சக்கரமாக ஏறும், ஒவ்வொரு தடவையும் பார் முறுக்கும், அந்த இழுப்பு முழுக்க லிங்க் ராடின் பால் ஜாயின்ட்டில் போய் விழும். தினமும் பல தடவை, ஆறு தடை, எப்போதும் ஒரே பக்கம் சாய்த்து. தாங்குமா?

தெருவில் நின்று பார்த்தது

மீதிப் பாதியைப் பார்க்க, வேலை முடிந்த ஒரு மாலையில் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போனேன். அவரும், குடியிருப்போர் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கூட வந்தார்கள். தடைகள் 12 செ.மீ. உயரம், சக்கரம் போகும் திசையில் நீளம் 40 செ.மீ.கூட இல்லை. சாலைக்குக் குறுக்கே ஒரு மரத்தடியைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. ஒன்றுக்கொன்று இடைவெளியோ 200 மீட்டருக்குப் பக்கம். ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சக்கரம் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஓட்டுபவர்கள் செய்ததைப் பார்ப்பது தனி அனுபவம். சின்னக் கார்கள் கிட்டத்தட்ட நின்று, ஏறி, இறங்கி, அடுத்த தடைவரை ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு மறுபடி பிரேக் அடித்தன. பலர் தடையின் உச்சிவரை பிரேக்கை விடவே இல்லை. சிலர் ஓரச் சக்கரத்தை அந்தத் தண்ணீர்ச் சந்துக்குள் விட்டு ஒரு பக்கக் குலுக்கலைத் தவிர்த்தார்கள், அந்தச் சாமர்த்தியத்தில் டயரின் பக்கச்சுவர் நடைபாதைக் கல்லில் தேய்ந்தது. பக்கச்சுவருக்குள் இருக்கும் நூலிழை அறுந்து டயர் கட்டி மாதிரி புடைத்துக்கொண்டால் பஞ்சர் போடுகிற சமாச்சாரம் இல்லை, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். பைக்குகள் எல்லாம் அந்தச் சந்தில்தான் போயின, அதாவது நடப்பவர்கள் நிற்கிற ஓரத்தை ஒட்டி. காலி லாரி ஒன்று ஏறி இறங்கியபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்தது. அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, தினம் விடியற்காலையில் இதே கதைதான் என்று எங்களிடம் புலம்பிவிட்டுப் போனார்.

அப்புறம் அந்த உயரமான பெரிய வண்டிகள். அவை வேகத்தைக் கொஞ்சம் மட்டும் குறைத்து ‘தட் தட்’ என்று கடந்துபோயின. உள்ளே இருந்தவர்கள் தலை அசைந்ததாகக்கூடத் தெரியவில்லை. செவிலியர் சொன்னது மிகையே இல்லை.

ஏன் அப்படி

இது புதுப் புதிர் ஒன்றும் இல்லை. பிரிட்டனின் போக்குவரத்து மற்றும் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் 1973-இல் இதைத்தான் ஆராய்ந்தார். காரின் உடல் ஸ்பிரிங் மேல் ஒரு தடவை ஏறி இறங்க ஏறக்குறைய முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடிவரை எடுக்கும். 20 கி.மீ. வேகத்தில் போகும் சக்கரம் 35 செ.மீ. தடையை 0.06 நொடியில் தாண்டிவிடும். அதற்குள் உடல் எழுந்திருக்கவே நேரம் இல்லை, அடி எல்லாம் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் புஷ்ஷுக்கும்தான். ஓட்டுபவருக்குத் தெரிவது ஒரு சத்தம் மட்டும். அதே தடையை 5 கி.மீ. வேகத்தில் ஏறினால் கால் நொடி ஆகும், உடல் சக்கரத்தோடு சேர்ந்து எழுந்து விழும், முதுகு முழுதாக வாங்கிக்கொள்ளும். ஆகக் குறுகிய தடையில் வேகம் கூடக் கூட மனிதருக்குக் குலுக்கல் குறைகிறது. தடை எதைச் செய்ய வந்ததோ அதற்கு நேர் எதிர்!

பெரிய வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் உண்மை இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே தெருவிலிருந்து பிறகு எங்களிடம் வந்த ஒரு உயரமான வண்டியில் முன் ஷாக் இரண்டும் எண்ணெய் ஒழுகிப்போயிருந்தன. வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் அதை இந்தத் தடைகள் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

வாட்ஸ் கண்ட தீர்வு தடையை நீட்டுவது. 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், வட்டத்தின் ஒரு துண்டு போன்ற மேடு. இதை 20 கி.மீ. வேகத்தில் கடக்க முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும், அதனால் காரின் உடல் மேட்டைத் தொடர்ந்து சுகமாக எழுந்து இறங்கும். வேகம் கூடினால் தூக்கிப் போடும். இங்கே வேகமாகப் போகிறவர்தான் அனுபவிப்பார்.

அடி தட்டும் கணக்கும் இதிலேயே மாறிவிடுகிறது. குறுகிய தடை, முன் சக்கரம் தாண்டி பின் சக்கரம் வராத நேரத்தில், அடிவயிற்றுக்குக் கீழே முழு 12 செ.மீ. உயரத்தோடு நிற்கும். காரின் விவரப் புத்தகத்தில் 16 செ.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி) என்று இருந்தாலும், பாரம் ஏற்றி, ஸ்பிரிங்கும் கொஞ்சம் தளர்ந்து, முன் சக்கரம் இறங்கும்போது கார் ஒரு குதி குதித்தால் அந்த மிச்ச 4 செ.மீ. எங்கே போகும்? 3.7 மீட்டர் மேட்டில், சக்கர இடைவெளி 2.5 மீட்டர் உள்ள கார் ஒரு கட்டத்தில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். சக்கரங்களுக்கு நடுவில் மேடு துருத்துவது ஐந்து செ.மீ.க்கும் குறைவு. மேடு 10 செ.மீ. உயரமாக இருந்தும் அடி தட்டாதது இதனால்தான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1200 கிலோ காரை 15-இலிருந்து 40 கி.மீ. வேகத்துக்கு ஏற்ற 64 கிலோஜூல் வேண்டும். அதை அடுத்த தடையில் பிரேக்கில் சூடாக்கி வீணடிக்கிறோம். எஞ்சின் திறனையும் சேர்த்துப் பார்த்தால் தடைக்கு 8 மில்லி பெட்ரோல், ஆறுக்கும் சேர்த்து ஒரு போக்குக்கு 50 மில்லிக்குச் சற்றுக் குறைவு. தடைகள் தூரம் தூரமாக இருப்பதால் வரும் செலவு இது. நெருக்கமாக இருந்தால் நடுவில் வேகமெடுக்கவே தோன்றாது.

எடுத்த முடிவுகள்

காருக்கு உடனே செய்தது: லிங்க் ராடு இரண்டு பக்கமும், லோயர் ஆர்ம் புஷ், தளர்ந்த முன் ஸ்பிரிங்குகள் மாற்றினோம். ஸ்பிரிங் மாற்றியதற்குக் காரணம், நேராக ஏற்றச் சொல்ல வேண்டுமானால் அடி தட்டாமல் இருக்க வேண்டும். அன்றைக்குத் தேவையில்லாத பாரத்தை வீட்டிலேயே இறக்கி வைக்கச் சொன்னோம். டயர் காற்று கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கே. கூட வைத்தால் அடி நேராக சஸ்பென்ஷனுக்குப் போகும், குறைத்தால் ரிம்முக்கும் தடைக்கும் நடுவில் டயர் நசுங்கும்.

அப்புறம் ஓட்டும் முறை. பிரேக் பிடித்தபடி ஏறினால் காரின் மூக்கு ஏற்கெனவே குனிந்து ஸ்பிரிங் பாதி அமுங்கியிருக்கும், மிச்சம் இருக்கும் அமுங்கல் தூரம் தீர்ந்து ஸ்பிரிங்கின் கடைசி எல்லையில் இருக்கும் ரப்பர்த் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். ஆகவே தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் தொடும் நொடிக்கு முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, நேராக உருளவிட வேண்டும். அவர் ஓட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

தெருவுக்கு என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். ஒரு தரப்பு எல்லாவற்றையும் பெயர்த்து எறியச் சொன்னது. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒரு தடையைத் தொட்டாலும் விடமாட்டோம் என்றார்கள், அவர்கள் பயம் நியாயமானது. அளவுகளையும் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் சாலைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தார். பொறியாளர் தற்காப்புப் பேசவில்லை, வந்து அளந்து பார்த்துவிட்டு, இது தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் பேச்சு எடுப்பதா வைப்பதா என்பதிலிருந்து எப்படி மாற்றுவது என்பதற்கு நகர்ந்தது.

கடைசியில் முடிவானது: பள்ளி வாசலில் தட்டையான உச்சி கொண்ட உயர்த்திய பாதசாரிக் கடப்பு. மற்ற இடங்களில் 3.7 மீட்டர் வட்ட மேடுகள், 60 முதல் 100 மீட்டருக்குள் ஒன்று. தெருவின் ஒரு முனையில் ஆம்புலன்ஸ் நிறுத்தம் இருந்ததால் அந்தப் பக்கம் மட்டும் மேட்டுக்குப் பதிலாகத் தனித்தனித் திட்டுகள். நீள மேடுகள் அவசர வண்டிகளைத் தாமதப்படுத்துவது உண்மை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1990-களில் தீயணைப்பு வண்டிகளை வைத்து அளந்தபோது ஒரு மேட்டுக்கு 10 விநாடிக்கு நெருக்கமாகக்கூடத் தாமதம் தெரிந்தது. திட்டு சாலையின் முழு அகலத்துக்கும் இருக்காது, அகலமான சக்கர இடைவெளி உள்ள ஆம்புலன்ஸ் அதைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு தாண்டிவிடும், கார் முழுதாகத் தப்ப முடியாது. தெருவின் இரண்டு வாயையும் குறுக்கவும் பேசினார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த யோசனை, காருக்கு ஒரு கீறலும் விழாமல் வேகத்தைக் குறைக்கும். செலவைக் காரணம் காட்டி ஒரு முனையில் மட்டும் செய்தார்கள்.

பிறகு நடந்தது

முதல் மேடு சரியாக வரவில்லை. கையால் இழுத்துப் போட்டதில் ஏறும் விளிம்பு செங்குத்தாகி, 3.7 மீட்டர் நீளம் இருந்தும் பழைய தடையைப் போலவே குத்தியது. பொறியாளர் அதைச் சீவச் சொல்லிவிட்டு, மேட்டின் வளைவுக்கு வெட்டிய மரப்பலகை அச்சு ஒன்றைச் செய்து, ஒவ்வொரு மேட்டின் மேலும் வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போகவிட்டார். அந்தப் பலகை இல்லாமல் இந்த வேலை நடந்திருந்தால் இன்னொரு சுற்றுச் சண்டைதான்.

செவிலியரின் காரில் லிங்க் ராடு அப்புறம் போகவில்லை. அடியில் புதுக் கீறல் இல்லை. முதுகு வலி குறைந்தது என்றார், முழுதாகப் போனது என்று சொல்லவில்லை. உயரமான வண்டிகள் நிஜமாகவே மெதுவாகப் போக ஆரம்பித்தன, பழக்கதோஷத்தில் வந்த ஒருவர் முதல் மேட்டில் தூக்கிப் போடப்பட்டு, இரண்டாவதற்குள் திருந்தியதை ஆசிரியர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். சிக்னல் தவிர்க்க வந்த கூட்டமும் குறைந்தது, அதில் கொஞ்சம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது என்று அங்கிருந்து இப்போது புகார் வருகிறது. லாரி சத்தம் குறைந்திருக்கிறது, அந்த வீட்டுக்காரருக்கு இன்னும் திருப்தி இல்லை.

பழுதுச் செலவுக்குச் செவிலியர் இழப்பீடு கேட்டு எழுதினார். கிடைக்கவில்லை. கார் இந்தத் தடையால்தான் கெட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. முதல் தடவை கழற்றிய லிங்க் ராடு பழைய இரும்போடு போய்விட்டிருந்தது, நாங்கள் அளவெடுத்த படங்களோ அதற்குப் பிந்தையவை.

இனி என்றால் மாற்ற வேண்டியவை

தடை போடுவதற்கு முன்னால் தெருவில் ஓடும் வேகத்தை யாரும் அளக்கவில்லை. வண்டி ஏறும்போது அதன் வேகத்தைப் பதிவு செய்யும் ரப்பர்க் குழாயைச் சாலையில் பதித்துச் சில நாள் எண்ணியிருந்தாலே போதும். அது இல்லாததால், புது மேடுகள் எவ்வளவு வேகத்தைக் குறைத்தன என்று கேட்டால் எண்ணாகச் சொல்ல வழியில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல முடிகிறது. பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தே திட்டமிட்டிருக்க வேண்டும் என்பது இப்போது வரும் புகாரிலேயே தெரிகிறது.

பட்டறைப் பக்கம் நாங்கள் இரண்டு விஷயங்களை மாற்றிக்கொண்டோம். சஸ்பென்ஷன் பாகம் சீக்கிரம் போய்த் திரும்பி வந்தால், பாகத்தை மாற்றும் முன் அடிவயிற்றுக் கீறலின் திசையைப் பார்த்து, எப்படி ஏற்றுகிறார் என்று ஓட்டுபவரிடம் கேட்டுவிடுகிறோம். கழற்றிய பாகத்தைத் தேதியெழுதி, படம் எடுத்து, உரிமையாளரிடமே கொடுத்துவிடுகிறோம். தெருவில் தடை மோசமாக இருந்தால் டேப் வைத்த படமும் அன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

தீராத ஒன்று அந்தத் திட்டுகள். ஆம்புலன்சுக்கு அவை நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் காரைத் திட்டுக்கு நேராக ஓட்டி, அதைக் கால்களுக்கு இடையில் விடப் பார்க்கிறவர்களின் சக்கரங்கள் இரண்டு பக்கச் சரிவிலும் ஏறுவதால், டயரின் உட்பக்கத் தோள்தான், அதாவது தரையில் படும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் ஓரம்தான், அடி வாங்குகிறது. வெளியே நின்று குனிந்து பார்த்தாலும் அது கண்ணில் படாது. அந்தத் தெருக் கார்கள் எதற்காக வந்தாலும் இப்போது லிஃப்ட்டில் ஏற்றி டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கிறோம், இதுவரை சிலவற்றில் வெட்டு இருந்தது. ஒரு பக்கச் சக்கரங்களைத் திட்டின் தட்டையான மேல்பரப்பில் முழுதாக ஏற்றி, மெதுவாகப் போவது டயருக்கு நல்லது என்று சொல்லியனுப்புகிறோம். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் ஸ்டெபிலைசர் பார் மறுபடி முறுக்கும் என்பதும் தெரிந்தேதான் சொல்கிறோம். திட்டின் உயரம் குறைவு, அதனால் லிங்க் ராடு தாங்கும் என்பது எங்கள் கணிப்பு.